கரண்டை மறிக்கும், சூட்டை விடும்

ஆம்ப்ளிஃபையர் சர்வீஸ் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பவர் டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் மைக்கா வைக்கிறோம். கரண்டை விடாத பொருள் சூட்டை மட்டும் எப்படி விடுகிறது?”

உலோகம் இரண்டையும் கடத்தும், மரம் இரண்டையும் கடத்தாது என்று பள்ளியில் படித்ததால் வரும் சந்தேகம் இது.

முதலில் மைக்கா. இதழ் இதழாக உரியும் கனிமம் இது. ஹீட் சிங்க் என்பது டிரான்சிஸ்டரின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் அலுமினியத் துண்டு. பழைய ஆம்ப்ளிஃபையர்களில் இருக்கும் 2என்3055 டிரான்சிஸ்டரின் உலோக உடம்பே அதன் கலெக்டர்தான், அதாவது அதன் மூன்று மின்முனைகளில் ஒன்று. அதை அப்படியே ஹீட் சிங்கில் முடுக்கினால் அலுமினியத்திலும் கலெக்டர் மின்னழுத்தம் ஏறிவிடும். ஹீட் சிங்க் ஆம்ப்ளிஃபையரின் உலோகச் சட்டத்தை (சேசிஸ்) தொட்டுக்கொண்டிருந்தால் ஷார்ட்தான். அதற்காகத்தான் அடியில் மைக்கா, ஸ்க்ரூவைச் சுற்றி பிளாஸ்டிக் புஷ் (வளையம்). உண்மையில் மைக்கா சூட்டைக் கடத்துவதில் மட்டம். செம்பின் திறனில் ஐந்நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. அதைக் காப்பாற்றுவது மெலிவு. மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு இதழாக உரித்தாலும் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தாங்கும். அவ்வளவு மெல்லிய இதழைச் சூடு எளிதில் தாண்டிவிடும். இரு பக்கமும் தடவும் வெள்ளை பேஸ்ட், இடுக்கில் இருக்கும் காற்றை வெளியேற்றத்தான். காற்று மைக்காவைவிட இருபது மடங்கு மோசம். அதற்காக பேஸ்ட்டை அள்ளி அப்பினால் அதுவே தடையாகிவிடும்.

ஆக, மைக்கா ஒரு சமாளிப்பு. கரண்டை அறவே விடாமல் சூட்டை வாரி விடும் பொருள்கள் வேறு: அலுமினியம் நைட்ரைடு, பெரிலியம் ஆக்சைடு (இதன் தூள் நுரையீரலுக்கு விஷம்), எல்லாவற்றுக்கும் மேலே வைரம். வெப்பக் கடத்துதிறன் செம்புக்குச் சுமார் 400 என்றால் வைரத்துக்கு 2,000.

எப்படி? உலோகத்தில் கரண்டையும் சூட்டையும் சுமப்பது ஒரே ஆள், சுதந்திரமாகத் திரியும் எலெக்ட்ரான். வைரத்தில் அப்படித் திரியும் எலெக்ட்ரானே கிடையாது. ஒவ்வொரு கார்பன் அணுவும் தன் நான்கு எலெக்ட்ரான்களையும் நான்கு பக்கத்து அணுக்களோடு பிணைத்துவிட்டது. சூட்டைச் சுமப்பது அந்தப் பிணைப்புகளின் வழியே ஓடும் அதிர்வு. இயற்பியலில் இதை ஃபோனான் என்பார்கள். கொடிக்கயிற்றின் ஒரு முனையைச் சுண்டினால் அதிர்வு மறுமுனைக்கு ஓடுகிறதல்லவா? கயிறு இறுக்கமாகவும் லேசாகவும் இருந்தால் அதிர்வு பறக்கும். கார்பன் லேசான அணு, அதன் பிணைப்போ படு இறுக்கம்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். அதே கொடியில் ஒரு ஈரத்துண்டு தொங்கினால் அதிர்வு அங்கே முட்டிச் சிதறும். இயற்கைக் கார்பனில் நூற்றுக்கு ஒன்று கார்பன்-13. வேதியியலில் எந்த வித்தியாசமும் இல்லை, ஒரு நியூட்ரான் எடை மட்டும் கூடுதல். அந்தக் கூடுதல் எடையே ஈரத்துண்டுதான். 1990இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வாளர்கள் கார்பன்-13ஐ ஏறக்குறைய முழுவதும் நீக்கி வைரம் வளர்த்தார்கள். கடத்துதிறன் சுமார் 50 சதவீதம் ஏறியது. நூற்றில் ஒரு அணுவைச் சரிசெய்ததற்கு இவ்வளவு பலன்!

2023 மத்திய பட்ஜெட்டில், ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் பற்றிய ஆராய்ச்சிக்கு மானியம் அறிவித்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 242 கோடி ரூபாய், சென்னை ஐஐடிக்கு வந்தது. நல்ல விஷயம். ஆனால் பேச்செல்லாம் நகை ஏற்றுமதியைச் சுற்றியே நடந்தது. பவர் சிப்புக்கு அடியில் வைக்கும் வைரத்துக்கும் அதில் கணிசமான பங்கு போக வேண்டும் என்பது என் கட்சி. வைரம் யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று ஜாதகம் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: சிப்புக்கு நிச்சயம் ஆகும்.

நகைக்கடை டெஸ்டரும் இந்தக் குணத்தைத்தான் பார்க்கிறது. சூடான முனையைக் கல்லில் வைத்தால் வைரம் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும்; அமெரிக்கன் டைமண்ட் இழுக்காது. வைரம் போலவே மின்னும் மாய்சனைட் கல் மட்டும் ஏமாற்றிவிடும். அது சிலிக்கான் கார்பைடு, சூட்டைக் கடத்துவதில் செம்புக்கு நிகர். அதனால் புது டெஸ்டர்கள் கல்லில் கொஞ்சம் கரண்டையும் விட்டுப் பார்க்கின்றன. மாய்சனைட் பெரும்பாலும் துளி கரண்டைக் கசியவிட்டு மாட்டிக்கொள்ளும்.