எல்லாருக்கும் கோப்பை குடுத்தா புள்ளைங்க மூளைக்குள்ள என்ன நடக்குது?

எங்க வீட்டுல இப்ப ரெண்டு கோப்பை இருக்கு. ரெண்டும் ஒரே பிளாஸ்டிக், ஒரே தங்கக் கலரு, அடியில ஒரே "பங்கேற்பாளர்" ஸ்டிக்கரு. போன ஸ்கூல் லீவுல எங்க புளோக் பக்கத்து கோர்ட்டுல நடந்த சின்னப் புள்ளைங்க ஃபுட்பால் போட்டியில வந்தது. கிண்டர்கார்ட்டன் படிக்கிற சின்னவ அதக் கட்டிப்புடிச்சிட்டுத்தான் தூங்குனா, அவ டீம் எல்லா மேட்ச்சும் தோத்தது அவளுக்கு ஞாபகத்துலயே இல்ல. பிரைமரி சிக்ஸ் படிக்கிற பெரியவன் வீட்டுக்கு நடந்து வர்றதுக்குள்ளயே அதப் பைக்குள்ள ஷூவுக்கு அடியில தள்ளிட்டான். ஏன்டான்னு கேட்டா "எல்லாருக்கும்தானப்பா குடுத்தாங்க". திமிருன்னு நெனச்சேன், அப்புறம் படிச்சுப் பாத்தா அது திமிரு இல்ல, வயசு.

ஜான் நிக்கல்ஸ்னு ஒரு உளவியல்காரர் 1978ல வெளியிட்ட ஆராய்ச்சியில புள்ளைங்களுக்கு ஒரு சின்னப் படம் போட்டுக் காட்டுனாரு. ரெண்டு பசங்க கணக்குப் போடுறாங்க, ஒருத்தன் மும்முரமா போடுறான், இன்னொருத்தன் வேடிக்கை பாத்துட்டு பாதி நேரம் ஓட்டுறான், கடைசியில ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கு. யாரு கெட்டிக்காரன்? சின்னப் புள்ளைங்க, மும்முரமா போட்டவன்தான்னு சொல்லிருச்சுங்க, ஏன்னா அந்த வயசுல உழைப்பு வேற தெறமை வேறன்னு தலைக்குள்ள இன்னும் பிரியல, நல்லா ஓடுனா நல்லா ஆடுறேன்னுதான் அர்த்தம். பதினொன்னு பன்னெண்டு வயசுல அது பிரிஞ்சிருது, அப்ப பதிலும் தலைகீழாயிருது: கஷ்டப்படாமலே அதே மார்க்கு வாங்குனவன்தான் புத்திசாலியாம். அந்த வயசுக்காரன் கையில பங்கேற்புக் கோப்பையக் குடுத்தா "நீ வந்தது மட்டும்தான் உன்கிட்ட சொல்றதுக்கு இருந்துச்சு"ன்னு அவன் படிச்சுக்கிறான். பெரியவன் மூஞ்சியில நான் பாத்தது அதத்தான்.

சரி, சின்னப் புள்ளைக்காவது தாராளமா குடுக்கலாமான்னா, அங்கயும் ஒரு வில்லங்கம் இருக்கு. 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு உளவியல்காரங்க, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து நர்சரியில, படம் வரையுறதுக்கு ஏற்கெனவே ஆசையா இருந்த புள்ளைங்களாப் பாத்து எடுத்தாங்க. ஒரு குரூப்புக்கு "வரைஞ்சா சர்டிபிகேட் உண்டு"ன்னு முன்னாடியே சொன்னாங்க. இன்னொரு குரூப்புக்கு சொல்லாம கடைசியில திடீர்னு குடுத்தாங்க. மூணாவது குரூப்புக்கு ஒண்ணுமே கிடையாது. கொஞ்ச நாள் கழிச்சு, புள்ளைங்க வரைஞ்ச அதே மார்க்கர் பேனாவ வகுப்புல சும்மா வச்சுட்டு யாரு தானா போய் எடுக்குறாங்கன்னு பாத்தா, திடீர்னு வாங்குனவங்க விளையாட்டு நேரத்துல 18 சதவீதம் வரைஞ்சிட்டு இருந்தாங்க, ஒண்ணுமே வாங்காதவங்க கிட்டத்தட்ட 17, முன்னாடியே வாக்கு குடுத்து வாங்குனவங்க 9 கூட இல்ல. அதே சர்டிபிகேட்டுதான்! முன்னாடியே சொன்னதுதான் கெடுத்துருச்சு. "நான் எதுக்கு வரைஞ்சேன்"னு புள்ள தன்னையே கேட்டுக்கிறப்ப, பிடிச்சதுனாலங்கிற பதிலு போயி சர்டிபிகேட்டுக்காகன்னு வந்து உக்காந்துக்குது. நம்ம போட்டி நோட்டீஸ்ல "கலந்துக்குற எல்லாருக்கும் கோப்பை"ன்னு மொத வரியிலயே போடுறோமே, அது எந்த குரூப்புன்னு நீங்களே பாத்துக்குங்க.

மூளைக்குள்ள போய்ப் பாத்தா, வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்னு ஒரு மூளை ஆராய்ச்சிக்காரர் சோதிச்சுப் பாத்த குரங்குங்க. எதிர்பாக்காம ஜூஸ் கெடச்சா, மூளையில டோபமின்ங்கிற ரசாயனத்த விடுற நரம்பு செல்லுங்க படபடன்னு துடிக்கும். லைட் எரிஞ்சா ஜூஸ் வரும்னு பழகிட்டா துடிப்பு லைட்டுக்குப் போயிரும், ஜூஸ் வர்றப்ப சும்மா இருக்கும். லைட் எரிஞ்சும் ஜூஸ் வரலைன்னா வழக்கத்தவிடக் கீழ எறங்கிரும். அதாவது மூளை எண்ணிப் பாக்குறது பரிசை இல்ல, எதிர்பாத்ததுக்கும் கெடச்சதுக்கும் உள்ள வித்தியாசத்த. குரங்கு ஜூஸை அப்படியே கோப்பைக்குப் பொருத்திட முடியாதுதான், ஆனா ஒவ்வொரு சீசனும் தவறாம வர்ற கோப்பை மூணாவது வருஷம் ஏன் புஸ்ஸுன்னு போயிருதுன்னு இதுல இருந்து கொஞ்சம் புரியுது.

2015ல அமெரிக்க ஃபுட்பால் வீரர் ஜேம்ஸ் ஹாரிசன் தன் ரெண்டு பசங்களோட பங்கேற்புக் கோப்பையத் திருப்பிக் குடுக்கப்போறேன்னு சொல்லி ஊரே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை போட்டுச்சு. எனக்கு ரெண்டு கட்சியும் ஒத்துவரல. நம்ம சிங்கப்பூர் கியாசு ஊரு, அதாவது அடுத்தவன் முந்திருவானோன்னு பயப்படுற ஊரு, ரேங்க்குக்கு அலையுற பழக்கத்தக் குறைக்கத்தான் 2019ல இருந்து ரிப்போர்ட் புக்குலயே வகுப்புல எத்தனாவதுங்கிறத எடுத்தாங்க, அதுக்கப்புறமும் காப்பிக்கடையில அப்பா அம்மாங்க பேச்சு என்னன்னு நமக்குத் தெரியும். இங்க புள்ளைக்கு ஒரு கோப்பை கெடைக்குறதுனால சோம்பேறியாயிருவான்னு பயப்படுறது எனக்கு சிரிப்பாத்தான் வருது. டெசி, கோஸ்ட்னர், ரையன்னு மூணு உளவியல்காரங்க 1999ல பரிசு பத்துன 128 ஆய்வுகளை ஒண்ணாச் சேத்துப் பாத்தப்பவும் ஆர்வத்தக் கெடுத்தது முன்னாடியே வாக்கு குடுத்த பொருள்தான், அதுவும் சின்னப் புள்ளைங்ககிட்ட அதிகமா. வாயால சொல்ற நல்ல வார்த்தை அப்படிக் கெடுக்கல.

எங்க கோச் அங்கிள் கடைசி நாள் பெரியவன்கிட்ட ஒரே ஒரு வரி சொன்னாரு, "இடது கால்ல பாஸ் குடுக்க இப்பத்தான் பயப்படாம இருக்க". கோப்பை இன்னும் பைக்குள்ளதான் கெடக்கு, இந்த வரிய மட்டும் அவன் பாட்டிக்கு ஃபோன் போட்டு சொன்னான்.

நேத்து ஹால்ல தொங்குற என்னோட மராத்தான் மெடலப் பாத்துட்டு "அப்பா, இது எல்லாருக்கும் குடுக்குறதுதானே"ன்னான். டேய், 42.195 கிலோமீட்டர் ஓடி முடிச்சாத்தான்டா குடுப்பாங்க, வந்து நின்னதுக்கு இல்லன்னேன். "அப்ப நீங்க எத்தனாவது?" பேச்ச மாத்திட்டேன்.