மளிகைக் கடைப் பூனையும் நான்கு குட்டிகளும்

நாகப்பட்டினம் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் சென்ற மாதம் எழுதியிருந்தார். எலித் தொல்லைக்காகக் கடையில் வளர்க்கும் மூவண்ணப் பூனை நான்கு குட்டி போட்டிருக்கிறது. மஞ்சளில் ஒரு கடுவன், ஒரு பெட்டை. கறுப்பிலும் ஒரு கடுவன், ஒரு பெட்டை. "எதிர்வீட்டுக் கறுப்புக் கடுவன்தான் நாலுக்கும் அப்பன் என்று தெருவே சொல்கிறது. சரிதானா? அப்புறம், மூவண்ணப் பூனை எதைப் பார்த்தாலும் பெட்டையாகவே இருக்கிறதே, அது ஏன்?" இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் முதலாவது தானாக அவிழும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கடிதத்தோடு படமும் வந்தது. அரிசி மூட்டை மேல் படுத்திருக்கிறது தாய். மூக்கின் நடுவே கோடு கிழித்தாற்போல் ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் மஞ்சள். தாடையும் நெஞ்சும் நான்கு பாதங்களும் வெள்ளை. முதுகில் கறுப்புத் திட்டு ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது. அதன் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு முடியும் மஞ்சள் முடியும் அடுத்தடுத்து நிற்கின்றன. இடைப்பட்ட நிறத்தில் ஒரு முடிகூட இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் படித்ததுதான்: பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம், ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். பூனையிலும் அதே கணக்கு. பூனையின் மஞ்சள் நிறத்துக்கான மரபணு இந்த எக்ஸில் இருக்கிறது. கடுவனுக்கு எக்ஸ் ஒன்றுதான் என்பதால் அது மஞ்சளாக இருக்கும், இல்லையென்றால் கறுப்பாக இருக்கும். பெட்டைக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் மஞ்சளும் மற்றதில் கறுப்பும் அமையலாம். வெள்ளைக்கான மரபணு வேறு குரோமோசோமில் இருக்கிறது, அது இரு பாலுக்கும் பொது. ஆக, மஞ்சளும் கறுப்பும் ஒரே உடம்பில் வர இரண்டு எக்ஸ் வேண்டும்.

இவ்வளவோடு பல புத்தகங்கள் நிறுத்திவிடுகின்றன. ஆனால் உண்மையான புதிர் இதற்குப் பிறகுதான் வருகிறது. அந்தத் தாய்ப் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸும் இருக்கின்றன. அப்படியானால் இரண்டும் கலந்து உடம்பு முழுக்க ஒரே மாதிரி பழுப்பாகத்தானே வந்திருக்க வேண்டும்? திட்டுத் திட்டாக ஏன் வருகிறது?

விடையின் முதல் நுனி அகப்பட்டது 1949-இல், அதுவும் பூனையிடமே. கனடாவில் மர்ரே பார், எவர்ட் பெர்ட்ராம் இருவரும் பூனையின் நரம்புச் செல்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில பூனைகளின் செல் உட்கருவில் கரும்புள்ளி ஒன்று தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. குறிப்பேட்டைப் புரட்டினால், புள்ளி இருந்தவை எல்லாம் பெட்டைகள். 12 ஆண்டுகள் கழித்து, 1961-இல், எலிகளின் ரோமத் திட்டுகளை ஆராய்ந்துகொண்டிருந்த இங்கிலாந்தின் மேரி லையன் விஷயத்தைப் போட்டு உடைத்தார். பெண்ணின் ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை மூடிவிடுகிறது. சுருட்டி மூட்டை கட்டி ஓரமாய்ப் போட்ட அந்த எக்ஸ்தான் பார் பார்த்த கரும்புள்ளி.

எதை மூடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? யாரும் இல்லை. தாயிடமிருந்து வந்ததா, தகப்பனிடமிருந்து வந்ததா என்பது அந்தந்தச் செல்லில் பூவா தலையா போட்டாற்போலத்தான். கரு இன்னும் சின்னஞ்சிறு செல் கூட்டமாக இருக்கும்போதே இது நடந்துவிடுகிறது. மூடப்போகும் எக்ஸ், எக்ஸிஸ்ட் என்ற மரபணுவிலிருந்து நீளமான ஆர்என்ஏ இழைகளை நூற்று, தன்னைத் தானே சுற்றிப் போர்த்திக்கொள்கிறது. பட்டுப்புழு கூடு கட்டுவதுபோல. போர்வைக்குள் போன குரோமோசோமின் மரபணுக்களில் பெரும்பாலானவை அதற்குப் பின் வாய் திறப்பதில்லை. அந்தச் செல் இரண்டாக, நான்காக, ஆயிரமாகப் பெருகும்போதும், எந்த எக்ஸ் மூடியது என்பதைப் பிள்ளைச் செல்களெல்லாம் மறக்காமல் காப்பாற்றுகின்றன.

அடுத்து நடப்பதைத்தான் எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. நிறமிச் செல்கள் தோலில் பிறப்பதில்லை. கருவின் முதுகுத்தண்டு ஓரமாகப் பிறந்து, இரு பக்கமும் இறங்கி, தோல் வழியே வயிற்றையும் பாதங்களையும் நோக்கிப் போகின்றன. மஞ்சள் எக்ஸ் திறந்திருக்கும் செல் தங்கிப் பெருகும் இடம் மஞ்சள் திட்டு. கறுப்பு எக்ஸ் திறந்திருக்கும் செல் குடியேறும் இடம் கறுப்புத் திட்டு. ஒரு செல்லுக்கு ஒரு நிறம்தான் தெரியும், ஆகவே ஓரத்தில் கலப்பு இல்லை. வெள்ளைக்கான மரபணு இந்தப் பயணிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. வழியில் தள்ளுமுள்ளு இல்லாததால் ஒவ்வொரு குடும்பமும் அகலமாக இடம் பிடிக்கிறது. கடைசி வரை யாருமே வந்து சேராத நெஞ்சும் பாதமும் வெள்ளையாகவே நின்றுவிடுகின்றன. வெள்ளை கலக்காத பூனைகளில் மஞ்சளும் கறுப்பும் பொடிப் பொடியாக விரவிக் கிடப்பதும், மூவண்ணப் பூனையில் திட்டுகள் பெரிதாக இருப்பதும் இதனால்தான். அந்த அரிசி மூட்டைப் பூனையின் முதுகில் தெரிவது, அது கருவாக இருந்தபோது நடந்த ஊர்வலத்தின் வரைபடம்.

இதற்குக் கண்கூடான சாட்சி சிசி. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 2001 டிசம்பர் 22 அன்று பிறந்த, உலகின் முதல் குளோனிங் பூனை. அதன் மூலமான ரெயின்போ மூவண்ணப் பூனை. டிஎன்ஏ அச்சு அசல் அதுவே, ஆனால் சிசியின் உடம்பில் மஞ்சள் அறவே இல்லை. குளோனிங்குக்கு எடுத்த ஒற்றைச் செல்லில் மஞ்சள் எக்ஸ் ஏற்கெனவே போர்வைக்குள் போயிருந்தது, அந்தப் பூட்டு திறக்கவே இல்லை.

மூவண்ணக் கடுவனே கிடையாதா என்றால், சுமார் 3,000 மூவண்ணப் பூனைகளில் ஒன்று கடுவனாக இருக்கும் என்பார்கள். பெரும்பாலும் அவற்றுக்கு இரண்டு எக்ஸும் ஓர் ஒய்யும் இருக்கும், குட்டி பிறக்க வழி இராது. நாய்களில் இந்த விளையாட்டே இல்லை. லாப்ரடாரின் மஞ்சள் நிறம் எக்ஸைச் சாராத வேறொரு மரபணுவால் வருவது. அதனால் அங்கே ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. மனிதர்களில் உண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. வியர்வைச் சுரப்பி உருவாகத் தேவையான ஒரு மரபணு எக்ஸில் இருக்கிறது. அதன் ஒரு பிரதி பழுதான பெண்களின் முதுகில் அயோடினும் மாவும் தடவிப் பார்த்தால், வியர்க்கும் பட்டைகளும் வியர்க்காத பட்டைகளும் மாறி மாறித் தெரியும்.

சரி, அந்த மஞ்சள் மரபணு எது? எக்ஸில் இருப்பது தெரிந்து நூறு ஆண்டு ஆகியும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. 2025-இல்தான் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் ஹிரோயுகி சசாகி குழுவும், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழுவும் தனித்தனியே கண்டுபிடித்து ஒரே நேரத்தில் வெளியிட்டன. ஆர்ஹ்கேப்-36 என்ற மரபணுவுக்குள் சுமார் 5,100 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. அந்த விடுபடலால், நிறமிச் செல்லில் உறங்கிக் கிடக்க வேண்டிய மரபணு விழித்துக்கொண்டு, கறுப்பு நிறமி செய்யும் கட்டளையை அமுக்கிவிடுகிறது. சசாகி குழு இதற்கான பணத்தைப் பூனைப் பிரியர்களிடம் இணையத்தில் திரட்டியது. அந்த மக்களை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட ஆய்வு நன்கொடையை நம்பி நிற்கக் கூடாது என்பதே என் கருத்து. "பூனை நிறத்தால் என்ன லாபம்" என்று கேட்பவர்கள், எக்ஸ் மூடல் என்ற ஒன்று இருப்பதே பூனையின் நரம்பும் எலியின் ரோமமும் காட்டிக்கொடுத்து நமக்குத் தெரிந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் ஊரில் பூனை குறுக்கே போனால் சகுனத் தடை என்று வண்டியை நிறுத்துகிறோம். ஜப்பானில் கடை வாசலில் மூவண்ணப் பூனைப் பொம்மையை அதிர்ஷ்டத்துக்கு வைக்கிறார்கள். சிறு வயதில் எங்கள் தெருவில் கறுப்புக் குட்டியை மட்டும் யாரும் எடுத்துப் போகாமல் அது மழையில் கத்திக்கொண்டிருந்தது இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது அந்த நான்கு குட்டிகள். கடுவன் குட்டிகளை விட்டுவிடுங்கள். அவற்றின் ஒரே எக்ஸ் தாயிடமிருந்து வந்தது, தகப்பனைப் பற்றி அவை எதுவும் சொல்லாது. பெட்டைகளைப் பாருங்கள். கறுப்புப் பெட்டைக்கு இரண்டு எக்ஸும் கறுப்பு, அதில் ஒன்று தகப்பன் தந்தது. எனவே எதிர்வீட்டுக் கடுவனாக இருக்கலாம், தெரு சொல்வதில் தவறில்லை. மஞ்சள் பெட்டைக்கோ இரண்டும் மஞ்சள். கறுப்புக் கடுவனால் மஞ்சள் எக்ஸைத் தர முடியாது. பூனைகளில் ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன் இருப்பது சாதாரணம். ஆகவே, ஐயா, கறுப்புக் கடுவன் மட்டும் இல்லை. உங்கள் கடைப் பக்கம் மஞ்சள் கடுவன் ஒன்றும் வந்து போயிருக்கிறது. இரவில் ஓட்டு மேல் பாருங்கள்.