செம்பு கரைய வேண்டும், ஆணி கரையக் கூடாது

18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கடற்படையை பிரிட்டன் எதிர்த்து நின்றது பீரங்கி பலத்தாலா, மாலுமிகளின் திறமையாலா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல் நடந்த ஒரு வேதிவினைக்கும் பெரிய பங்கு உண்டு. அதைச் சொல்ல எனக்குக் கொள்ளை ஆசை.

மரக் கப்பல் கடலில் சில மாதங்கள் நின்றாலே அடிப்பகுதியில் பாசி படரும், கொட்டலசு (பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிரி) ஒட்டும். வேகம் குறையும். இவற்றைவிட மோசமானது கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். தன் சிறிய ஓட்டால் மரத்தைக் குடைந்துகொண்டே உள்ளே போகும். வெளியே ஊசிமுனை அளவு துளைதான் தெரியும், உள்ளே பலகை சல்லடையாகியிருக்கும். வெப்ப மண்டலக் கடல்களில் இதன் ஆட்டம் அதிகம்.

1761-இல் பிரிட்டனின் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதி முழுவதும் மெல்லிய செம்புத் தகடுகளைப் பதித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் 1763-இல் சோதித்தால், தகடு இருந்த இடத்தில் புழுவே இல்லை. ஆனால் பல இடங்களில் தகடே இல்லை! அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போய்த் தகடுகள் கழன்று விழுந்திருந்தன. ஒரு சில ஆணிகள் மட்டும் நன்றாகவே இருந்தன. உற்றுப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. செம்புத் தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் சில இடங்களில் கிழித்தெடுக்கப்படாமல் செம்புக்கும் ஆணிக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. காகிதம் இருந்த இடத்தில் ஆணி பிழைத்தது.

இன்று பிளஸ் டூ மாணவருக்கு இது விளங்கும். இரும்பு, செம்பு, இரண்டையும் நனைக்கும் உப்புநீர் மூன்றும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம். எந்த உலோகம் எலக்ட்ரானை எளிதில் விடும் என்று காட்டும் பாடநூல் அட்டவணையில் இரும்பு -0.44 வோல்ட், செம்பு +0.34; எண் குறைந்ததுதான் எளிதில் விடும். இரும்பு எலக்ட்ரான்களை விட்டுக்கொடுத்து அயனியாக, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுவாக, நீரில் கரைகிறது. எலக்ட்ரான்கள் உலோகத் தொடர்பு வழியே செம்புக்குப் போகின்றன. அங்கே கடல்நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது: பரப்பளவு. எலக்ட்ரான் கேட்கும் செம்புத் தகடு பெரியது, கொடுக்கும் ஆணியோ சிறியது. அவ்வளவு பெரிய பரப்பின் தேவை முழுவதையும் அந்தச் சின்ன ஆணி ஈடுகட்ட வேண்டும். பெரிய கூட்டுக்குடும்பத்தை ஒற்றைச் சம்பளத்தில் நடத்துவது போல, ஆணி வேகமாகத் தேய்ந்து தீர்ந்துவிடும். நடுவில் காகிதம் இருந்தால் எலக்ட்ரான் போக வழியில்லை, மின்சுற்று அறுந்துவிடுகிறது. இத்தாலிய விஞ்ஞானி வோல்டா தன் மின்கலத்தை உருவாக்கியது 1800-இல். அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே, மின்வேதியியல் என்ற துறையே இல்லாதபோது, கப்பல் பட்டறைக்காரர்கள் காப்புப் படலத்தின் பலனைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

அமெரிக்க விடுதலைப் போரில் 1778-இல் பிரான்சும் அடுத்த ஆண்டு ஸ்பெயினும் பிரிட்டனுக்கு எதிராக இறங்கின. பிரிட்டனுக்குக் கப்பல் எண்ணிக்கை போதவில்லை. கடற்படை நிர்வாகத்தில் இருந்த சார்லஸ் மிடில்டன் துணிந்து முடிவெடுத்தார்: தார் பூசிய காகிதத்தை அடியில் வைத்து, எல்லாக் கப்பல்களுக்கும் செம்பு. அடிப்பகுதி சுத்தமாக இருந்தால் துறையில் ஏற்றிச் சுரண்டும் நாட்கள் மிச்சம்; அத்தனை நாளும் கப்பல் கடலில் இருக்கும்.

இந்தப் போர் நம் கரைக்கும் வந்தது. 1782-83-இல் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திரிகோணமலை, கடலூர் ஆகிய ஊர்களை ஒட்டிய கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸும் மோதினார்கள். சுஃப்ரேனின் கப்பல்களில் சிலவற்றுக்கு மட்டுமே செம்புத் தகடு இருந்தது. வேகமானவை முன்னே போக, மற்றவை பின்தங்கின. அணிவகுத்துப் போகும் படைக்கு அதன் மெதுவான கப்பலின் வேகம்தானே வேகம்.

சரி, தார்க் காகிதம் போதுமானதாக இருந்ததா? இல்லை. தண்ணீர் உள்ளே கசிந்தது, கப்பலின் மரச்சட்டங்களைப் பிணைத்திருந்த பெரிய இரும்பு போல்ட்டுகள் மறைவில் கரைந்தன. செம்பிலேயே போல்ட் செய்யலாமே என்றால், சுத்தச் செம்பு மிருதுவானது. ஓக் மரத்தில் அடித்தால் வளைந்துவிடும். 1783 வாக்கில் செம்பைச் சூடாக்காமல் உருளைகளுக்கிடையே நசுக்கி இறுக்கும் முறை வந்தது. அதன் பிறகே செம்புத் தகட்டுக்குச் செம்பு போல்ட் என்று ஆனது, மின்கலமும் ஒழிந்தது.

மிச்சமிருந்த கவலை, செம்பே மெல்லக் கரைகிறது என்பது. 1824-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி அதே வினையைத் திருப்பிப் போட்டார். செம்போடு சிறு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ இணைத்து, செம்புக்குப் பதிலாக அந்தத் துண்டு கரையும்படி செய்தார். செம்பின் பரப்பில் 150-இல் ஒரு பங்கே போதும், செம்பு அரிக்காமல் நின்றது. ஆனால் கடலுக்குப் போன கப்பல்களில் கொட்டலசு மண்டிவிட்டது! கரைந்து வெளியேறும் செம்பு அயனிகள்தான் அதுவரை அவற்றை விரட்டிவந்த நஞ்சு. கரைவதை நிறுத்தியதும் காவலும் போய்விட்டது. டேவியைக் கடுமையாகக் கேலி செய்தார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. இன்று எண்ணெய்க் குழாய், எஃகுக் கப்பல், வீட்டு வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றிலும் அரிப்பைத் தடுப்பது அவர் காட்டிய வழிதான். உடனடிப் பயன் என்ன என்று கேட்டு ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் நம் குழுக்கள் இந்த ஒரு சோதனையையாவது படிக்க வேண்டும்.

இன்றைய கப்பல்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. எஃகைக் காக்கத் துத்தநாகக் கட்டிகள்; கொட்டலசை விரட்ட, செம்பு ஆக்சைடை அளவோடு கரையவிடும் பூச்சு. அந்தச் செம்பு எஃகைத் தொட்டுவிடாதபடி நடுவில் காப்புப் பூச்சு ஒன்றும் அடிக்கிறார்கள்.