சொல் விளக்கம்: 'கிராஸ்' என்றால் பொதுமன்னிப்பா?

மொரீஷியஸ் வானொலியில் 'கிராஸ் பிரெசிதான்சியேல்' (குடியரசுத் தலைவர் தரும் கிராஸ்) என்று பிரெஞ்சில் செய்தி வந்தால், அதைத் தமிழில் சொல்பவர்கள் பலர் 'பொதுமன்னிப்பு' என்றுவிடுகிறார்கள். அது தவறு. பேச்சில் பிழைத்துப்போகும், ஆனால் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியனில் சிறையில் இருக்கும் உறவினருக்காக எழுதும் மனுவில் நுழைந்தால் மனுவே பொருளற்றுப் போகும்.

கிராஸ், லத்தீன் 'கிராத்தியா'வின் வழி வந்தது. தயவு, அருள் என்று பொருள். பொதுமன்னிப்புக்குப் பிரெஞ்சில் 'அம்னிஸ்தி'. அது கிரேக்கச் சொல், பொருள் மறதி. பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத் தொகுப்பு இரண்டையும் கறாராகப் பிரிக்கிறது. அம்னிஸ்தி தீர்ப்பையே அழிக்கும். அதற்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றவேண்டும். கிராஸ் தண்டனையை அனுபவிப்பதிலிருந்து மட்டுமே விலக்களிக்கும். அதைத் தருபவர் குடியரசுத் தலைவர். பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14-ஐ ஒட்டிக் கைதிகளுக்கு மொத்தமாகத் தண்டனை குறைக்கும் வழக்கம் ஒருகாலத்தில் இருந்தது. 2008 அரசமைப்புத் திருத்தம் 17-ஆம் பிரிவில் 'தனியாளுக்கு' என்று சேர்த்துவிட்டது. ஆகவே 'பொது' என்ற அடைக்கு இங்கே வேலையே இல்லை.

தமிழில் என்ன சொல்வது? வெறும் 'மன்னிப்பு' போதாது. 'மன்னிப்புக் கேட்டார்' என்றால் வருத்தம் தெரிவித்தார் என்றுதான் காதில் விழும். 'கருணை மனு' வழக்கில் ஊன்றிவிட்டது. ஆனால் அது கேட்பதன் பெயர், கிடைப்பதன் பெயரன்று. கருணை, தண்டனை இரண்டும் வடசொற்கள். 'ஒறுத்தார்க்கு ஒருநாளை இன்பம் பொறுத்தார்க்குப் பொன்றுந் துணையும் புகழ்' (குறள் 156) என்பதில் ஒறுத்தல் (தண்டித்தல்), பொறுத்தல் (மன்னித்தல்) என்று அழகான இணை இருக்கிறது. பாவம், 'பொறுப்பு' இன்று வேறு வேலைக்குப் போய்விட்டது. கிராஸுக்குத் 'தண்டனை மன்னிப்பு' என்பதே தெளிவு.

மொரீஷியஸ் அரசமைப்பின் 75-ஆம் பிரிவு இதையே நான்காக வகுக்கிறது: முழு அல்லது நிபந்தனை மன்னிப்பு, தண்டனையை நிறுத்திவைத்தல், கடுமை குறைந்த தண்டனையாக மாற்றுதல், ஒரு பகுதியையோ முழுவதையோ கழித்தல். இதற்கென உள்ள ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி மொரீஷியஸ் குடியரசுத் தலைவர் தருகிறார். ஆனால் இது மொரீஷியஸில் விதித்த தண்டனைக்கு. ரியூனியனில் விதித்ததற்கு மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் மனுப் போட்டுப் பயனில்லை. முகவரி பாரிஸ், பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகை.

கைதியோ குடும்பமோ நண்பரோ வழக்கறிஞரோ எழுதலாம். தனிப் படிவம் இல்லை. ரியூனியனிலிருந்து அனுப்பினால் தபால்தலைகூட வேண்டாம். மொரீஷியஸிலிருந்து என்றால் ஒட்டவேண்டும். தீர்ப்பு நகல், கழித்த காலம், நன்னடத்தை, நோய்ச் சான்று, குடும்பநிலை ஆகியவை உள்ளே இருக்கட்டும். நீதி அமைச்சகம் ஆராயும். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது அனுப்பினால் எடுபடாது, தீர்ப்பு இறுதியாகியிருக்கவேண்டும். 'நான் செய்யவே இல்லை' என்று வாதிடும் மனுவும் வீண்தான். அது மறுவிசாரணைக்கு உரிய பேச்சு.

தூதரகத்தின் பங்கு அளவானது. தூதரக உறவுகளுக்கான 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவு, தூதரக அதிகாரிக்குத் தன் நாட்டுக் கைதியைச் சந்திக்கவும் கடிதம் எழுதவும் வழக்கறிஞர் ஏற்பாடு செய்யவும் உரிமை தருகிறது. கைதான செய்தி கைதி கேட்டால்தான் தூதரகத்துக்குப் போகும். அவர் வேண்டாம் என்று வெளிப்படையாக மறுத்தால் அதிகாரி தலையிடக்கூடாது. முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள். மன்னிப்புக்கு ஆதரவாகத் தூதரகம் அனுப்பும் தாளுக்கு 'நோட் வெர்பால்' என்று பெயர். 'வாய்மொழிக் குறிப்பு' என்று பெயர்ப்பவர்கள் உண்டு. அது முத்திரையிட்ட எழுத்து. 'தூதரகக் குறிப்பு' போதும். அதில் தீர்ப்பைக் குறைசொல்லக்கூடாது, மனிதநேயக் காரணங்கள்தான் இடம்பெறவேண்டும். இரட்டைக் குடியுரிமை இருந்து அதில் ஒன்று பிரெஞ்சு என்றால், பிரான்ஸ் அவரைத் தன் குடிமகனாகவே நடத்தும். மொரீஷியஸ் தூதரகத்தின் குரல் அங்கே மெலிந்துவிடும்.

தண்டனை மன்னிப்புக் கிடைத்தாலும் குற்றப் பதிவேட்டில் தீர்ப்பு நிற்கும்; பாதிக்கப்பட்டவருக்குரிய இழப்பீடும் நிற்கும். பிரெஞ்சு மண்ணில் நுழையத் தடை விதித்திருந்தால் அது தனித் தண்டனை. சிறைக்காலத்தை மட்டும் கழித்தால் அது நீங்காது. அதை நீக்கவும் மனுவிலேயே தனி வரியாகக் கேட்கவேண்டும்.