வலைச்செயலி: மேம்பாடா, உருவாக்கமா?

காரைக்குடி கல்லூரிச் சாலைப் பக்கம் எந்தக் கணினிப் பயிற்சி நிலையத்தின் பிளக்ஸைப் பார்த்தாலும் 'வெப் டெவலப்மென்ட்' என்பதற்குக் கீழே 'வலை மேம்பாடு' என்று போட்டிருக்கிறது. சரி, பிளக்ஸ் அடிப்பவர் அவசரத்தில் போட்டது என்று விட்டுவிடலாம். ஆனால் முதுநிலைக் கணினி அறிவியல் பிள்ளைகளுக்கென்று ஒரு கல்லூரியில் தயாரித்த தமிழ்க் குறிப்பேட்டின் அட்டையிலும் இதே கதை: 'இணையப் பயன்பாடுகளின் வடிவமைப்பு மற்றும் மேம்பாடு'. (பயன்பாடு என்று போட்டிருப்பது அப்ளிகேஷனுக்கு.) உள்ளே முதல் பக்கத்தில், 'பருவ இறுதிக்குள் மாணவர் ஒரு புதிய இணையப் பயன்பாட்டை மேம்படுத்துவார்.' புதியதை எப்படி ஐயா மேம்படுத்துவது?

டெவலப் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சுருட்டியதைப் பிரிப்பது, மூடியதை விரிப்பது என்பதுதான் பழைய பொருள். பிறகு வளர்வது, வளர்ப்பது, உருவாக்குவது என்று கிளை விட்டது. வேர் பற்றி இவ்வளவு போதும்.

கவனிக்க வேண்டியது, அந்த ஒரே சொல்லுக்குத் தமிழன் இடத்துக்கு இடம் வேறு சொல் வைத்திருந்தான் என்பது. நாட்டுப் பொருளாதாரத்துக்கு 'வளர்ச்சி'. ஸ்டூடியோக்காரர் இருட்டறையில் பிலிம் சுருளை மருந்தில் போட்டு எடுப்பதற்கு 'படம் கழுவுவது'. பிலிமை மேம்படுத்திக் கொடுங்கள் என்று எந்த ஸ்டூடியோவிலும் யாரும் கேட்டதில்லை. அந்தத் தொழிலில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள், அதற்கு ஏற்ற வினையைச் சொன்னார்கள். அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டவில்லை.

மேம்பாடு என்றால் மேல் நிலைக்கு வருவது. ஏற்கெனவே ஒன்று இருக்க வேண்டும், அது உயர வேண்டும். ஊரக மேம்பாடு சரி, ஊர் இருக்கிறது. மகளிர் மேம்பாடும் சரி. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பழைய வீட்டுக்குப் பழுது பார்த்து, அறைக்கு அறை குளியலறை சேர்த்து, தங்கும் விடுதியாக மாற்றுகிறார்கள், அதை மேம்பாடு என்றால் யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்த வீட்டுக்காரரின் பாட்டையா பர்மாத் தேக்கை இறக்கி, பொட்டலில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக் கட்டினாரே, அதற்குப் பேர் கட்டியது. மேம்படுத்தியது இல்லை.

மாணவர் செய்வதும் அதுதான். வெறும் கோப்புறையில் தொடங்குகிறார். நூலகத்துக்கு ஒரு செயலி என்று வைத்துக்கொள்வோம். வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் ஒரு படிவம். அதில் உறுப்பினர் எண்ணை அடித்துப் பொத்தானை அழுத்தினால், உலாவி (பிரவுசர்) அதை எச்டிடிபி என்ற பரிமாற்ற நெறிமுறை வழியாக வழங்கிக்கு (சர்வர்) அனுப்புகிறது. வழங்கியில் உள்ள நிரல் தரவுத்தளத்தைக் கேட்டு, யாரிடம் எந்தப் புத்தகம் என்று விடை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. இந்தப் படிவமும் நிரலும் தரவுத்தள அட்டவணையும் முந்தாநாள் வரை இல்லாதவை. இல்லாததை உண்டாக்கினால் அது உருவாக்கம்.

மேம்பாட்டுக் கட்சிக்காரர்களிடம் இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: 'உருவாக்கம் என்பது கிரியேஷன் அல்லவா? செயலி வெளிவந்த பிறகும் திருத்துகிறோம், வசதி சேர்க்கிறோம், அதுவும் டெவலப்மென்ட்தானே?' சேர்க்கலாம், தாராளமாக. அந்தப் பகுதிக்கு மட்டும் மேம்பாடு என்று சொல்லுங்கள். கூரை ஒழுகலை அடைப்பதற்கு வைத்த பெயரை முழு வீட்டுக்கும் வைக்காதீர்கள் என்பதுதான் என் வழக்கு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இது அவர்கள் வாதத்தையே கவிழ்ப்பது. வலைத்துறையில் 'புரோகிரசிவ் என்ஹான்ஸ்மென்ட்' என்று ஒரு வடிவமைப்பு முறை உண்டு. வலைத்துறைக்காரர் ஸ்டீவன் சாம்பியன் (Champeon) 2003இல் அந்தப் பெயரை முன்வைத்தார். அடிப்படை எச்டிஎம்எல் எல்லா உலாவியிலும் வேலை செய்ய வேண்டும், அதன் மேல் தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், இயக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்று அடுக்கி, வசதியுள்ள உலாவிக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதற்குத் தமிழில் 'படிப்படியான மேம்பாடு' என்பதைவிடப் பொருத்தமாக என்ன சொல்வீர்கள்? டெவலப்மென்ட்டுக்கே அந்தச் சொல்லைச் செலவழித்துவிட்டால் இங்கே கையைப் பிசைய வேண்டியதுதான். அந்தக் குறிப்பேட்டில் இரண்டுக்கும் மேம்பாடுதான் போட்டிருக்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எதை எதுவென்று எடுக்கும்?

இலங்கைத் தமிழர் டெவலப்மென்ட்டுக்கு அபிவிருத்தி என்பார்கள். வடசொல், நான் எழுதமாட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அதிலாவது பெருகுவது என்ற பொருள் தெளிவாக இருக்கிறது.

எனக்கு 'ஆக்கம்' மீதும் ஆசை உண்டு. ஆச்சி சோறாக்குவதும் ஆக்கம், குறளில் வரும் செல்வப் பெருக்கமும் ஆக்கம். செய்வது, பெருகுவது இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. ஆனால் 'வலை ஆக்கம்' என்றால் வலையில் வெளிவந்த கதை, கட்டுரை என்று நினைத்துவிடுவார்கள். அதனால் உரு சேர்த்து உருவாக்கம் என்பதே குழப்பமில்லாதது. செய்பவர் உருவாக்குநர். 'மேம்பாட்டாளர்' என்று யாராவது அறிமுகமானால் சமூக நலத்துறையில் வேலையா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

அப்புறம் அந்தப் 'பயன்பாடு'. பயன்பாடு என்றால் பயன்படுத்துவது. 'இணையப் பயன்பாடு அதிகரிப்பு' என்று செய்தி வந்தால் செயலிகள் கூடினவா, மக்கள் இணையத்தில் இருக்கும் நேரம் கூடியதா? அப்ளிகேஷனுக்குச் செயலி என்பது கைபேசி வந்த பிறகு எல்லார் வாயிலும் புழங்கிவிட்டது. பிராசசருக்கும் செயலி என்கிறார்களே என்பார்கள். அதற்கு நுண்செயலி, மையச் செயலி என்று அடைமொழி இருக்கிறது, இதற்கு வலைச்செயலி என்று இருக்கட்டும்.

மொழிபெயர்ப்புக் கருவி கொடுத்ததை அப்படியே அச்சுக்கு அனுப்புவதால் வரும் வினை இது. 'பிரண்ட் எண்ட்' என்பதற்கு 'முன்னணி மேம்பாடு' என்று அதே குறிப்பேட்டில் பார்த்தேன். முன்னணி என்றால் முதல் வரிசையில் நிற்பது, முன்னணி நடிகர் மாதிரி. பயனர் கண்ணில் படுகிற பகுதியைச் சொல்ல முகப்பு என்ற சொல் செட்டிநாட்டில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கிடக்கிறது. பின்னால் வேலை நடக்கிற இடத்துக்கு, அதாவது 'பேக் எண்டு'க்கு, பின்கட்டு. முகப்புப் பக்கம் என்று ஹோம் பேஜுக்குச் சொல்கிறோமே, குழம்பாதா என்றால், அங்கே 'பக்கம்' ஒட்டியிருக்கிறது, இங்கே 'முகப்பு உருவாக்கம்' என்று வரும்.

அந்தக் குறிப்பேட்டின் அடுத்த பதிப்புக்கு அட்டையை நானே எழுதிக் கொடுக்கிறேன்: 'வலைச்செயலி வடிவமைப்பும் உருவாக்கமும்'. 'மற்றும்' போன இடத்தில் இரண்டு உம்மைதான் வந்திருக்கிறது, எழுத்தும் மிச்சம்.