ரோட்டரி இன்ஜின் சீல்: டிகிரி கணக்கை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

சொந்தமாக விமானம் கட்டி அதில் ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் இன்ஜின்) வைக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை டிகிரி தாங்கும் சீல் போடலாம்?" என்பதுதான். சீல் என்பது பாகங்களுக்கு நடுவே திரவமோ வாயுவோ கசியாமல் அடைக்கும் பொருள். டிகிரிக்கு முன்னால் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அந்த சீலை எந்தத் திரவம் தொடும்? அது அசைகிற இடமா? அந்தச் சூடு எவ்வளவு நேரம் நீடிக்கும்?

கார் அனுபவத்தை நம்பி ஏமாறுவது இந்தக் கடைசிக் கேள்வியில்தான். மாஸ்டாவின் 13பி என்ற ரோட்டரி இன்ஜின் காரில் இருக்கும்போது முழு சக்தியையும் காட்டுவது சில விநாடிகள்தான். முந்திப் போனதும் கால் தானாகத் தளர்ந்துவிடும். விமானத்தில் ஏறும்போது நிமிடக்கணக்கில் முழு த்ராட்டில், அப்புறம் முக்கால் பங்கு சக்தியில் மணிக்கணக்கில் பயணம். காரில் வருஷக்கணக்கில் உழைத்த சீல் இங்கே அதே ஆயுளைத் தராது.

ரோட்டரியில் சூடு ஒரே சீராகவும் இருக்காது. பிஸ்டன் இன்ஜினில் எரிப்பு நடக்கும் அதே சிலிண்டருக்குள்தான் புதுக் கலவையும் வந்து கொஞ்சம் குளிர்விக்கிறது. ரோட்டரியிலோ ஒரு பக்கம் எப்போதும் உள்ளிழுப்பு, ஸ்பார்க் பிளக் பக்கம் எப்போதும் எரிப்பு. போதாததற்கு ரோட்டர் ஹவுசிங் அலுமினியம், பக்கத் தட்டுகள் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இன்ஜின் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் இரண்டும் லேசாக உரசி நகரும். அந்த நகர்வுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது, குளிர்விக்கும் திரவம் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான கூலண்ட் சீல்.

பிரித்த இன்ஜினிலிருந்து பழைய கூலண்ட் சீலை எடுத்து விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். உள்ளிழுப்புப் பக்கம் நகத்தால் அழுத்தினால் அமுங்கி மீளும். பிளக் பக்கம் வர வர, தான் உட்கார்ந்திருந்த பள்ளத்தின் வடிவத்திலேயே தட்டையாகி நின்றிருக்கும். மடக்கினால் படக்கென்று ஒடியும். ஒரே வளையம், ஒரே நாளில் போட்டது.

இப்படி அமுங்கியபடியே நின்றுவிடுவதற்குத் தொழிலில் கம்ப்ரெஷன் செட் என்று பெயர். ரப்பரை அமுக்கி, குறிப்பிட்ட வெப்பத்தில் குறிப்பிட்ட மணி நேரம் வைத்து, விட்டபின் எவ்வளவு மீளவில்லை என்பதைச் சதவீதமாகத் தருவார்கள். 0 என்றால் முழுக்க மீண்டது, 100 என்றால் மீளவே இல்லை. விற்பவரிடம் இந்த எண்ணைக் கேளுங்கள், எந்த வெப்பத்தில் எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்து. "200 டிகிரி தாங்கும்" என்று சொன்னால் அந்தப் பொருள் சீக்கிரம் அழியாது என்றுதான் அர்த்தம். கசியாமல் அடைக்குமா என்பது வேறு கதை.

இனி சீல் செய்யும் ரப்பர் வகைகள். நைட்ரைல் எண்ணெய்க்கு நல்லது, ஆனால் 100 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வைத்தால் இறுகிப்போகும். ஈபிடிஎம் கூலண்டுக்கு அருமையானது, சுமார் 150 டிகிரி வரை போகும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். சிலிகான் 200 டிகிரியைத் தாண்டும், மெத்தென்றும் இருக்கும், ஆனால் எளிதில் கிழியும், உரசலுக்கும் பெட்ரோலுக்கும் ஆகாது. வைட்டான் என்னும் ஃப்ளூரின் ரப்பர் 200 டிகிரியிலும் எண்ணெய், பெட்ரோல் இரண்டையும் தாங்கும். விலை அதிகம் என்பதால் எல்லா இடத்துக்கும் அதுதான் உசத்தி என்று நினைப்பவர்கள் உண்டு. சாதாரண வைட்டான் வகைகள் கொதிக்கும் நீரிலும் நீராவியிலும் நாளடைவில் கெட்டுப்போகும். கூலண்ட் பக்கத்துக்கு வைட்டான்தான் வேண்டும் என்றால், நீருக்கென்றே தயாரித்த வகையைக் கேட்டு வாங்குங்கள்.

டெஃப்லான் உறை போட்ட வளையங்கள் சூட்டையும் ரசாயனத்தையும் நன்றாகத் தாங்கும். ஆனால் இழுத்து மாட்ட முடியாது. உறையில் ஒரு மடிப்பு விழுந்தால் அந்த வளையம் அவ்வளவுதான். பள்ளமும் வழவழப்பாக இருந்தால் எரிப்பறையை ஒட்டிய உள் வளையத்துக்கு நான் இதைத்தான் போடுவேன். பள்ளத்தின் சுவர் அரித்தோ விரிந்தோ இருந்தால் எந்த சீலும் காப்பாற்றாது. அங்கே மாற்ற வேண்டியது பள்ளம் உள்ள பக்கத் தட்டைத்தான்.

ரோட்டரின் பக்கவாட்டில் உள்ள எண்ணெய் வளையங்களுக்குள் இருக்கும் ஓ-ரிங்குகள் (வட்ட ரப்பர் வளையங்கள்) சூடான எண்ணெயில் வாழ்பவை. வைட்டானின் சரியான இடம் இதுதான். இவை இறுகிப்போனால் ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வரும். ரோட்டரின் மூன்று முனைகளில் இருக்கும் அபெக்ஸ் சீல் ரப்பர் அல்ல, உலோகம். அதிகச் சூட்டில் கெடுவது பெரும்பாலும் அதன் அடியில் உள்ள ஸ்பிரிங். மூலை சீல்களுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் கட்டையையும் மறக்காதீர்கள்.

மாட்டும்போது தடவும் கிரீஸ்கூட சீலைக் கெடுக்கும். ஈபிடிஎம்மில் வாசலின் கூடாது, சிலிகான் வளையத்தில் சிலிகான் கிரீஸ் கூடாது, இரண்டும் ஊதவைக்கும். சூட்டில் ரப்பர் உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும் என்பதால் பள்ளத்தை முழுக்க நிரப்பும் தடிமனும் வேண்டாம்.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர் 3000 மீட்டரில் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி தருவது வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே. ஆகவே ஏற ஏற கூலண்டின் கொதிநிலையும் இறங்கும். பிளக் பக்கத்தில் நீராவி தேங்கினால் அந்த இடத்து உலோகம் மளமளவென்று சூடேறும். சென்சார் திரவத்தில் இல்லாமல் ஆவியில் நின்றால் மீட்டர் உண்மையைவிடக் குறைவாகவும் காட்டலாம். ஆகவே வெப்ப மீட்டரோடு கூலண்ட் அழுத்த மீட்டரும் கட்டாயம் வையுங்கள். அழுத்தம் திடீரென்று விழுந்தால் இறங்க இடம் பாருங்கள்.

ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறிய இன்ஜினில் கூலண்டை ஊற்றி நிரப்பிவிட்டு மறுபடி பறக்காதீர்கள். ஆறியபின் பிளக்குகளைக் கழற்றி, ரேடியேட்டர் மூடிக்குக் குறித்த அழுத்தம் வரை கூலண்ட் பக்கத்தில் காற்றை பம்ப் செய்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றி, பிளக் துளைகளில் ஈரம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் பிரிக்க வேண்டியதுதான்.

இன்ஜின் அறையில் தீப்பட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வைட்டான் எரிந்து கருகும்போது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் உண்டாகும். தோலில் பட்டால் எலும்பு வரை அரிக்கும், வலி தாமதமாகவே தெரியலாம். கருகிப் பிசுபிசுத்த சீலை வெறுங்கையால் தொடாதீர்கள். கனமான நியோப்ரீன் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், இந்த அமிலக் காயத்துக்கான கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைப் பக்கத்திலேயே வையுங்கள். தெரியாமல் தொட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, ஜெல்லைத் தடவிக்கொண்டு, வலிக்கக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். எரிந்தது ஃப்ளூரின் ரப்பர் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.