கரும்பச்சை இலை, காலிப் பாளை: வீட்டுக்குள் கேட்லியா

வாங்கும்போது கையகலப் பூவோடு இருந்த கேட்லியா ஆர்க்கிட், வீட்டுக்கு வந்தபின் வருடக்கணக்கில் இலையை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். அந்த இலையும் பளபளவென்று கரும்பச்சையாக இருக்கும். "செடி நல்லாத்தானே இருக்கு, ஏன் பூக்கல?" என்ற கேள்விக்குப் பதில் அந்தக் கரும்பச்சையில்தான் இருக்கிறது. வெளிச்சம் போதாதபோது, கிடைக்கும் கொஞ்சத்தையும் விடாமல் பிடிப்பதற்காகச் செடி இலையில் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. அப்படித் தயாராகும் உணவு பிழைத்துக்கிடக்கப் போதும், பூவுக்கு மிஞ்சாது. பூக்கிற செடியின் இலை லேசாக மஞ்சள் கலந்த பச்சையில், விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். பலரும் இந்த இடத்தில் உரத்தைக் கூட்டுகிறார்கள். அதனால் இலை இன்னும் கறுக்கும், அவ்வளவுதான்.

பிரேசிலில் இருந்து போன செடியைத் தன் கண்ணாடி வீட்டில் பூக்கவைத்த வில்லியம் கேட்லி என்ற ஆங்கிலேயரின் பெயரை 1821-இல் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி இந்தப் பேரினத்துக்குச் சூட்டினார். அந்தச் செடிதான் கேட்லியா லேபியாட்டா. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் இவை மரக்கிளைகளிலும் பாறைகளிலும் தொற்றி வளர்கின்றன. மழை கொட்டும், சிறிது நேரத்தில் காற்று உலர்த்திவிடும். மண் கிடையாது. தடித்த தண்டான குமிழ், தோல் போன்ற இலை, வேரைச் சுற்றிய வெண்மையான பஞ்சுறை எல்லாமே இப்படி விட்டுவிட்டுக் கிடைக்கும் நீரைச் சேமிப்பதற்கான ஏற்பாடுகள்.

நீரைச் சேமிக்க இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும். கேட்லியா அப்படிச் செய்தால் உச்சிவெயிலில் வறண்டுபோகும். அதனால் பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கிறது. இரவில் வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாகச் செல்களுக்குள் சேர்த்துவைத்து, விடிந்தபின் வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரையாக்குகிறது. நம் ஊர் ரணகள்ளியும் இதே ரகம். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன் அதன் இலையை வேளைக்கு வேளை மென்று பார்த்தார். விடியலில் நன்றாகப் புளிக்கிறது, நண்பகலில் சுவையே இல்லை என்று அவர் எழுதிய கடிதம் 1815-இல் லண்டன் லின்னியன் சங்க இதழில் வெளியானது. இந்த ஒளிச்சேர்க்கை முறையைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் அதுவும் ஒன்று.

வீட்டில் வளர்ப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது? செடிக்கு இரவும் வேலை நேரம் என்பதுதான். இரவு புழுக்கமாகவும் காற்று வறண்டும் இருந்தால் துளைகள் சரியாகத் திறக்காது. போதாக்குறைக்கு, வெப்பத்தில் சுவாசம் கூடிப் பகலில் சேர்த்த சர்க்கரையும் கரையும். பகலில் 24 முதல் 30 டிகிரி செல்சியஸ், இரவில் 15 முதல் 18, ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் என்பது பெரும்பாலான கேட்லியாக்களுக்குப் பிடித்த கணக்கு. பெங்களூரில் குளிர்கால இரவுகள் தாமாகவே இதைத் தந்துவிடும். சென்னையில் மார்கழியில்கூட இரவு 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனாலும் பகலைவிட இரவு 6, 7 டிகிரியாவது குறைந்தால் பல கலப்பினங்கள் பூத்துவிடுகின்றன. அதற்கு இரவில் ஜன்னலைத் திறந்துவைத்தாலே போதும். ஏ.சி. காற்று நேராகப் படும் இடம் மட்டும் வேண்டாம். குளிர்ச்சி இருந்தாலும் அந்தக் காற்றில் ஈரம் இருக்காது.

வெளிச்சத்தைக் கண்ணால் அளக்க முடியாது. நமக்குப் பளிச்சென்று தெரியும் கூடத்தின் நடுவில் 300 லக்ஸ் இருந்தாலே அதிகம். கேட்லியா கேட்பது 20,000 முதல் 30,000 லக்ஸ். கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, இலை இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். துல்லியமாக இராது, ஆனால் 2,000-க்கும் 20,000-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும். கண்ணாடியை ஒட்டி இருக்கும் வெளிச்சம் ஒரு மீட்டர் உள்ளே தள்ளினாலே பல மடங்கு குறைந்திருப்பதையும் அதில் பார்க்கலாம். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் விழும் கிழக்கு ஜன்னல் முதல் தரம். தெற்கு, மேற்கு ஜன்னல் என்றால் மெல்லிய வெள்ளைத் திரை வேண்டும். வெயில் மிஞ்சுகிறதா என்று பார்க்க இலையைத் தொட்டால் போதும். கையைவிடச் சூடாக இருந்தால் செடியைச் சற்றுத் தள்ளுங்கள், அல்லது மின்விசிறியை மெல்லச் சுழலவிடுங்கள். வெந்துபோன இலை முதலில் வெளிறி, பிறகு கறுத்துக் காகிதம்போல் காயும். அது பழைய நிலைக்குத் திரும்பாது. நிழலில் இருந்த செடியை வெயிலுக்குக் கொண்டுவருவதானால் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும்.

ஜன்னல் வசதி இல்லாதவர்கள் வெள்ளை எல்.இ.டி. விளக்கிலும் வளர்க்கலாம். இலைமட்டத்தில் 12,000 முதல் 15,000 லக்ஸ், நாளுக்கு 12, 13 மணி நேரம். வெயிலைவிடக் குறைவாகத் தெரிந்தாலும் விளக்கு மேகத்தில் மறையாது, சாய்ந்துபோகாது. நாள் முடிவில் மொத்தக் கணக்கு ஈடாகிவிடும்.

அடுத்தது வேர். உலர்ந்த கேட்லியா வேர் சாம்பல் கலந்த வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கும். அதன்மேல் தண்ணீர் ஊற்றிய சில நொடிகளில், விழுந்த இடத்தில் இருந்து பச்சை பரவுவதைப் பார்க்கலாம். வெளியே இருப்பது வெலமென் எனப்படும் இறந்த செல்களாலான பஞ்சுறை. அது நீரை உறிஞ்சிக் கண்ணாடிபோல் ஆவதால் உள்ளே இருக்கும் பச்சையம் தெரிகிறது. அந்தப் பஞ்சுறை நாள் முழுதும் ஈரமாகவே கிடந்தால் உள்ளே ஆக்சிஜன் போகாமல் வேர் அழுகும். உறையை உருவினால் நடுவில் நூல் மட்டும் மிஞ்சும் வேர் செத்துப்போன வேர்.

ஆகவே தொட்டியில் மண்ணும் கூடாது, தனியாகத் தேங்காய் நார்த்தூளும் கூடாது. பக்கவாட்டில் துளைகள் உள்ள மண்தொட்டியில் 2, 3 சென்டிமீட்டர் அளவுள்ள அடுப்புக்கரித் துண்டுகள் இரண்டு பங்கு, உடைத்த செங்கல் அல்லது ஓடு ஒரு பங்கு, தேங்காய் மட்டைத்துண்டு ஒரு பங்கு என்பது நம் வெப்பத்துக்கு ஒத்துவரும் கலவை. மட்டையில் உப்பு இருக்கும். மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றிய பிறகே சேர்க்க வேண்டும். குமிழ்களை இணைத்துப் படுக்கையாக வளரும் கிடைத்தண்டைப் புதைக்காமல் கலவையின் மேல் படுக்கவையுங்கள். பழைய குமிழ்கள் தொட்டியின் ஓரத்தைத் தொட்டிருக்க, துளிர் வரும் முனைக்கு முன்னால் இரண்டு குமிழ்கள் வளர இடம் இருந்தால் போதும். செடி ஆடினால் புது வேரின் நுனி தேய்ந்துவிடும் என்பதால் குச்சி ஊன்றிக் கட்டுவது முக்கியம். பெரிய தொட்டி வாங்கிவிடலாம் என்று தோன்றும். வாங்காதீர்கள், உள்ளே ஈரம் காயாது.

காலையில், தொட்டியின் அடியில் ஓடிவரும்வரை ஊற்ற வேண்டும். அடுத்த முறை கலவை உலர்ந்த பிறகுதான். ஒரு மூங்கில் குச்சியை உள்ளே செருகிவைத்து, உருவிப் பார்த்தால் தெரிந்துவிடும். கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை என்று இடத்துக்கு இடம் மாறும். துளிரின் குருத்துக்குள் நீர் தேங்கினால் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். செடியைக் கறுத்து அழுகவைக்கும் கருப்பழுகல் நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. தண்ணீரின் உப்பளவு லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. நகரங்களின் ஆழ்குழாய் நீர் பல இடங்களில் இதைவிடப் பல மடங்கு உப்பானது. ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனமான பழக்கம்தான், ஆனால் நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. கேட்லியாவின் வேர்நுனி அதில் கருகிவிடும். மழைநீர் கிடைத்தால் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

உரம் எளிது. தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 நீரில் கரையும் உரம் லிட்டருக்கு அரை கிராம், வளரும் காலத்தில் வாரம் ஒருமுறை, நான்காவது வாரம் வெறும் தண்ணீரால் உப்பைக் கழுவிவிட வேண்டும். பூக்கவைக்கும் உரம் என்று பாஸ்பரஸ் மிகுந்த பொட்டலங்களை விற்கிறார்கள். கேட்லியா மொட்டு எடுப்பதைத் தீர்மானிப்பது வெளிச்சமும் வெப்பமும் முதிர்ந்த குமிழும்தான். அந்தப் பொட்டலத்துக்குக் கொடுக்கும் பணம் வீண்.

ஒவ்வொரு குமிழும் ஒரே ஒருமுறைதான் பூக்கும். பூத்த குமிழின் அடியில் இருக்கும் கண்ணில் இருந்து துளிர் கிளம்பி, நான்கு முதல் ஆறு மாதத்தில் புதுக் குமிழாக முதிரும். அது முந்தைய குமிழைவிடப் பெரிதாகவோ சமமாகவோ இருந்தால் செடி சரியான பாதையில் இருக்கிறது. வருடா வருடம் சிறுத்துக்கொண்டே போனால் வேரைப் பாருங்கள். குமிழ் முதிரும்போது இலையும் தண்டும் சேரும் இடத்தில் தட்டையான பச்சை உறை ஒன்று எழும். அந்தப் பாளைக்குள்தான் மொட்டு வரவேண்டும். வார்ஸ்செவிக்சி இனம் குமிழ் முதிர்ந்த கையோடு கோடையில் பூத்துவிடும். மோசியே, டிரையானே போன்றவற்றில் பாளை மாதக்கணக்கில் சும்மா நின்று, காய்ந்து பழுப்பான பிறகுகூட மொட்டு ஏறும். காய்ந்துவிட்டதே என்று பாளையை வெட்டி எறிபவர்கள் பூவையும் சேர்த்து எறிகிறார்கள். அவ்வப்போது பாளைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் கரிய நிழல் தெரிந்தால் மொட்டு வந்துவிட்டது. அங்கிருந்து பூ விரிய நான்கு முதல் ஆறு வாரம். பாளையின் உள்சுவரில் நீர்த்துளி கோத்திருந்தால் நுனியை மட்டும் கத்தரித்துக் காற்றுவிடலாம், இல்லையேல் மொட்டு உள்ளேயே அழுகும்.

லேபியாட்டாவும் அதன் வழிவந்த பல கலப்பினங்களும் இரவின் நீளத்தைக் கணக்கிடுபவை. நாள் குறுகக் குறுக மொட்டு எடுக்கும். அமெரிக்காவில் உடையில் குத்திக்கொள்ளும் கேட்லியாவுக்கு மவுசு இருந்த காலத்தில், வளர்ப்பவர்கள் இரவில் விளக்கெரித்துப் பூப்பைத் தள்ளிப்போட்டு, விற்பனை நாளுக்குச் சரியாகப் பூக்கவைத்தார்கள். அவர்கள் தெரிந்து செய்ததை நாம் தெரியாமல் செய்கிறோம். இரவு பதினொரு மணிவரை டியூப்லைட் எரியும் கூடத்தில் இருக்கும் செடிக்கு இலையுதிர்காலம் வருவதே இல்லை. ஆகஸ்டில் இருந்து மொட்டு தெரியும்வரை, பொழுது சாய்ந்தபின் விளக்கெரியாத அறையில் வையுங்கள். தெருவிளக்கு விழும் ஜன்னலும் வேண்டாம். செயற்கை விளக்கில் வளர்ப்பவர்கள் அந்த மாதங்களில் நேரத்தை 10, 11 மணியாகக் குறைக்க வேண்டும்.

வெப்பமான ஊர்களில் இருப்பவர்கள் செடியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வேலையை முடித்துக்கொள்ளலாம். கேட்லியாவின் உறவான பிராசவோலா நோடோசாவையும் கேட்லியா பவ்ரிங்கியானாவையும் கலந்து உருவாக்கிய மைகாய் கலப்பினம் சிறிய செடி, வெப்பம் தாங்கும், கொத்தாகப் பூக்கும். சிவப்புப் பூவுக்கு ஆசைப்பட்டு, குளிர்ச்சி கேட்கும் காக்சினியா இனத்தை வாங்குவது கொடைக்கானல், நுவரெலியாக்காரர்களுக்குச் சரி.

மொட்டு வந்தபின் கெடுவதும் உண்டு. முதல் சந்தேகம் எத்திலீன் மேல். பழம் பழுக்கும்போது வெளியாகும் இந்த வாயு நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே கேட்லியாவின் புறவிதழ்கள் நுனியில் இருந்து காய்ந்து சுருளும். மாம்பழக் கூடையும் வாழைத்தாரும் இருக்கும் அறையில் மொட்டுவிட்ட செடியை வைக்காதீர்கள். புகையிலும் எத்திலீன் உண்டு, ஆகவே சாம்பிராணி போடும் இடமும் ஆகாது. மொட்டு ஏறியபின் தொட்டியைத் திருப்பினால் பூக்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். நல்ல பூ இரண்டு மூன்று வாரம் நிற்கும். பூச்சி வந்து மகரந்தம் சேர்த்துவிட்டால் ஓரிரு நாளில் தொங்கிவிடும்.

பூ வாடியதும் பூத்தண்டை மட்டும் நறுக்கிவிட்டு, காய்ந்த சருகுறைகளை உரித்துப் பாருங்கள். செதில்பூச்சியும் மாவுப்பூச்சியும் அதற்குள்தான் குடியிருக்கும். 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்து, வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் தொடர வேண்டும். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் முன் நெருப்பில் காட்டுங்கள், ஆர்க்கிட் வைரஸ்கள் பரவுவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். தொட்டி மாற்றுவது இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் புதுக் குமிழின் அடியில் பச்சை நுனியோடு வேர் எட்டிப்பார்க்கும் அந்தச் சில வாரங்களில் மட்டும். வேர் நீண்டபிறகு மாற்றினால் ஒடியும். ஒடிந்த பழைய வேர் மறுபடி எளிதில் கிளைக்காது. பிரிப்பதானால் ஒரு துண்டுக்கு நான்கு குமிழாவது விடுங்கள். இரண்டு குமிழோடு கிடைத்த பரிசுச் செடி இரண்டு மூன்று ஆண்டு பூக்காவிட்டால் பராமரிப்பைக் குறைசொல்ல வேண்டாம்.